மேற்குச் சுனை முணுமுணுத்த வருஷம்

"செருப்புக் கடிக்குதுங்க, கொஞ்சம் நில்லுங்களேன்" என்று ஒரு பெண்குரல் கேட்டது. விடிய இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது, நெடுங்கல்மலையின் குடைவரைக் கோயில்களுக்கு ஏறும் படிக்கட்டில் அந்நேரம் என்னையும் இரண்டு நாய்களையும் தவிர யாரும் இருக்க வழியில்லை, ஏனென்றால் நான்தான் அங்கே இரவுக் காவல், முந்தின மாலை கேட்டைப் பூட்டிய சாவி என் இடுப்பிலேயே இருந்தது. குரல் மறுபடி அதையே சொன்னது, அதே சலிப்போடு, அதே கொஞ்சலோடு, 'கொஞ்சம்' என்ற இடத்தில் அதே இழுப்போடு. நாய்கள் காதை ஆட்டிவிட்டுப் படுத்துக்கொண்டன. டார்ச்சை அடித்துப் படிப்படியாகத் தேடிப்போனால் பச்சைக் குப்பைத்தொட்டிக்குப் பின்னால் மூடியும் லேபிளும் போன வெறும் தண்ணீர் பாட்டில் ஒன்று கிடந்தது. பேசியது அதுதான்.

ஐந்தரைக்குப் பஞ்சவர்ணம் விளக்குமாறும் சாக்குமாக வந்தாள். இந்த மலையைப் பதினான்கு வருஷமாகக் கூட்டுகிற ஒப்பந்தத் தொழிலாளி அவள். நான் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தாள், அது சொன்னதை இரண்டு தடவை கேட்டாள்.

"நேத்து மத்தியானம் மஞ்சச் சேலை கட்டுன ஒரு புதுப்பொண்ணு இதைத்தான் சொல்லிக்கிட்டே ஏறுச்சு. அந்தப் பய திரும்பியே பாக்கல" என்றாள். பிறகு பாட்டிலிடம், "கழட்டிக் கையில வச்சுக்கிட்டு நடக்க வேண்டியதுதானேம்மா" என்று சொல்லிச் சாக்குக்குள் போட்டாள். உள்ளே வேறு வெறும் பாட்டில்கள் இருந்தன. அவற்றோடு சேர்ந்ததும் பேச்சு நின்றது.

பத்து மணிக்குள் மலை முழுக்கப் பேச ஆரம்பித்துவிட்டது. எறிந்தவர் எறியும்போது கடைசியாக என்ன சொன்னாரோ அதை, அவர் குரலிலேயே, எறியப்பட்ட பொருள் திரும்பத் திரும்பச் சொன்னது. ஐஸ்கிரீம் கோப்பை "இன்னொண்ணு வாங்கிக் குடுப்பா" என்றது, யாளித் தூணுக்கு அடியில் கிடந்த காகிதத் தட்டு "இதுக்கா நூறு கிலோமீட்டர் வந்தோம்" என்றது, துவாரபாலகரின் காலிடுக்கில் செருகியிருந்த முறுக்குப் பை "அவருக்குத் தெரிஞ்சா கொன்னுருவாரு" என்று கிசுகிசுத்தது, அதை எடுக்கப் போன, பஞ்சவர்ணத்தோடு கூட்டுகிற இருளாயி வெட்கப்பட்டு முந்தானையால் மூடி எடுத்தாள். "போட்டோ எடுத்தாச்சுல்ல, வா போகலாம்" என்பது மட்டும் அன்றைக்கு நானூறு குரல்களில் கேட்டது.

எதனால் இப்படி என்று யோசிக்க எங்களுக்கு நேரமில்லை, சீசன் நேரம். ஆனால் எப்படி அடக்குவது என்பதைக் கூட்டுகிற பெண்கள் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். தன் இனத்தோடு சேர்த்தால் பொருள் அடங்கும். பாட்டில் பாட்டிலோடு, மூடி மூடியோடு, லேபிள் லேபிளோடு. மூடியோடு பாட்டிலைப் போட்டால் சாக்கு ராத்திரி முழுக்கப் புலம்பும். வாழைப்பழத் தோலும் மந்தாரை இலையும் எருக்குழியில் மூன்று நாள் பேசும், முதல் நாள் தெளிவாக, இரண்டாம் நாள் வாயில் எதையோ போட்டுக்கொண்டு பேசுகிறவர் மாதிரி, மூன்றாம் நாள் வெறும் மூச்சாக, அப்புறம் மண். முறுக்குப் பை, சிப்ஸ் பை மட்டும் எதோடு சேர்த்தாலும் அடங்கவில்லை, உள்ளே வெள்ளிப் பூச்சு, நடுவில் பிளாஸ்டிக், வெளியே படம் என்று அதற்கே தான் எந்த இனமென்று தெரியாது. அவற்றைப் பழைய ஆட்டுக்கொட்டகையில் அடைத்துவைத்தோம், அந்தப் பக்கம் வீடு உள்ளவர்கள் முதலில் சண்டைக்கு வந்தார்கள், பிறகு மழைச்சத்தத்துக்குப் பழகுவதுபோல் அதற்கும் பழகினார்கள்.

பழகாத விஷயம் எது இருக்கிறது? அடிவாரத்து டீக்கடைக்காரர் மட்டும் பழகவில்லை, அவருடைய காகிதக் கோப்பைகள் கடைவாசலில் குவிந்து நாள் முழுக்க "இது டீயா கழனித்தண்ணியா" என்று பல ஜில்லாக் குரல்களில் கேட்டதில் மூன்றாம் நாளே கண்ணாடி கிளாசுக்கு மாறிவிட்டார். ஒரு கட்சிக்காரர்கள் இருநூறு பேர் வந்து தலைவர் பெயரைச் சொல்லிச் சொல்லித் தட்டுகளை எறிந்துவிட்டுப் போனார்கள், மலை வாழ்க வாழ்க என்றது, இருளாயி எல்லாவற்றையும் தட்டுச் சாக்கில் அமுக்கினாள், தலைவர் அடங்கினார். கைடு ஜமால் இருபது வருஷமாக இரண்டாம் குகையில் ராணியும் சிற்பியும் காதலித்த கதையைச் சொல்லிக் கண்ணீர் வரவழைத்துக்கொண்டிருந்தவன். அவன் குடித்துப் போட்ட மோர்ப் பாக்கெட், கதை உச்சத்தில் இருக்கும்போது, காலடியில் இருந்து அவன் குரலிலேயே "அட அது நானே கட்டிவிட்டதுப்பா" என்றது. அன்றிலிருந்து அவன் மோரைச் சொம்பில் கொண்டுவருகிறான். வந்துபோகிறவர்களும் மாறினார்கள், எறியப்போன கை நடுவழியில் நிற்கும், இப்போது என்ன சொன்னோம் என்று யோசிக்கும், யோசித்துவிட்டுப் பாட்டிலைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். பஞ்சவர்ணத்தின் சாக்குகள் பாதியாகக் குறைந்தன.

மேற்குச் சுனை முணுமுணுக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

மேற்குச் சுனை என்று பெயர்தானே தவிர அங்கே சுனை இல்லை, பாறைக்கு நடுவே ஒரு புல்தரை, 'தூர்ந்துபோன பழைய சுனை' என்று ஒரு பலகை. அந்தப் புல்லுக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது, கல்யாண மண்டபத்துக்கு வெளியே நின்றால் உள்ளே கேட்குமே, அந்த மாதிரி, நூறு பேர் பேசுவது தெரியும், ஒரு வார்த்தை பிடிபடாது. ஊரில் எல்லோரும் கேட்டார்கள். என்னவென்று எங்களில் ஏழெட்டுப் பேருக்குத்தான் தெரியும்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், மலையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ப்பதற்காகப் பெரிய குழு ஒன்று பார்க்க வருவதாக இருந்தது. அதுவரை சேர்ந்த குப்பையெல்லாம் மலைக்குப் பின்பக்கம் மலையாகக் கிடந்தது. நான்கு நாளில் ஒன்றும் கண்ணில் படக்கூடாது என்று மேற்பார்வையாளர் துரைசிங்கம் சொன்னார், கண்ணில் படக்கூடாது என்றால் எங்கே கொண்டுபோவது என்று சொல்லவில்லை. மூன்று டிராக்டர் வைத்து நான்கு நாளும் குப்பையை மேற்குச் சுனைக்குள் கொட்டி, மண் போட்டு, புல் பதித்தோம். பஞ்சவர்ணம் கீழே டிராக்டரில் நின்று கூடை நிரப்பினாள், அவள் புருஷன் வீரணன் மேலே நின்று கொட்டினான், பகலிலும் கூட நின்ற நான் இருட்டிவிட்டதும் விளக்குப் பிடித்தேன். குழு வந்து பார்த்து, புல்தரை அழகு என்றது. அடுத்த வருஷமே அடிவாரத்துக் கிணறுகளில் தண்ணீர் பழுப்பாக வந்தது. யாரும் எதையும் எதோடும் சேர்த்துப் பார்க்கவில்லை. அதற்கும் அடுத்த வருஷம் வீரணன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தான்.

சுனை முணுமுணுத்த இரண்டாம் நாள், பகலில் தூக்கம் வராமல் நான் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது பஞ்சவர்ணம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மொத நாளு கடேசி லோடு கொட்டும்போது அந்த மனுசன் தண்ணியக் குடிச்சிட்டு பாட்டில உள்ள எறிஞ்சாருன்னு நீ ஒரு நாள் சொன்னேல்ல?"

"ஆமா."

"எறியும்போது ஏதாச்சும் சொன்னாரா?"

"என்னமோ சொன்னான் பஞ்சு. டிராக்டர் சத்தத்துல எனக்குக் கேக்கல."

அவள் விளக்குமாற்றின் கட்டை அவிழ்த்து இறுக்கினாள். "நாங்க அந்த நாலு நாளும் பேசிக்கல. கிடாயை என்னையக் கேக்காம வித்துப்புட்டாருன்னு சண்டை" என்றாள். பிறகு, "மூஞ்சி இருக்கு, போட்டோவுல இருக்கு. சட்டை ஒண்ணு இருக்கு. கொரல்தான் எனக்கு மறந்துபோச்சு. போன வருசம்வரைக்கும் இருந்துச்சு, ஒரு நாள் தேடிப் பாத்தேன், இல்ல" என்றாள்.

அதன்பிறகு தினமும் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பஞ்சவர்ணம் அந்தப் புல்லில் குப்புறப் படுத்து, காதைத் தரையில் வைத்துக் கேட்டாள். நூறு குரலில் ஒரு குரலைப் பிரிக்க முடியவில்லை. வந்துபோகிறவர்கள் பார்த்தார்கள், ஒரு பெண் சாஷ்டாங்கமாக விழுந்து கிடக்கிறாள், தரை முணுமுணுக்கிறது. நான்காம் நாள் அங்கே ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. ஆறாம் நாள் மஞ்சள் துணி. பத்தாம் நாள் யாரோ மூன்று செங்கல்லை நட்டுக் குங்குமம் வைத்துவிட்டார்கள், முணுமுணுத்தாள் அம்மன் என்று பெயரும் வந்துவிட்டது, யார் வைத்த பெயர் என்று கேட்டால் எல்லோரும் பக்கத்து ஊரைக் கைகாட்டினார்கள். வேப்பங்கிளையில் தொட்டில்கள் தொங்கின. ராணியும் சிற்பியும் போய்விட்ட கவலையில் இருந்த ஜமால், அம்மன் குரலில் நம் பெயர் கேட்டால் நினைத்தது நடக்கும் என்று சொல்லிக் கூட்டத்தை அழைத்துவந்தான். "ஏன்டா, நீயே தொழுகைக்குப் போறவன்" என்று இருளாயி கேட்டதற்கு, "நான் கும்பிடலைக்கா, வழி மட்டும்தானே காட்டுறேன்" என்றான். சூடப் பாக்கெட்டும் மஞ்சள்தூள் கவருமாகப் புல்தரை நிறைந்தது, அவை "எம்பொண்ணுக்கு இந்த ஆவணிக்குள்ள முடிஞ்சிரணும்" என்றும் "கடைக்காரன் புத்தி மாறணும்" என்றும் மேலிருந்து பேச, கீழே இருந்தவை அடியிலிருந்து பேச, சாயங்காலத்தில் பஞ்சவர்ணம் மேலே உள்ளதைக் கூட்டிப் பிரித்து அடக்கிவிட்டுத்தான் கீழே உள்ளதைக் கேட்கவே முடிந்தது.

இரண்டு மாதம் இப்படிப் போன பிறகு ஊர்க் கமிட்டி கூடி, அம்மனுக்குக் கான்கிரீட் மேடை போட்டு மேலே தகரக் கொட்டகை எழுப்புவது என்று தீர்மானம் செய்தது. மற்றவர்களை விடவும் துரைசிங்கம்தான் அதில் முனைப்பாக இருந்தார். ஜல்லி வந்து இறங்கியது. பஞ்சவர்ணம் ஜல்லிக் குவியலைப் பார்த்தபடி நின்றாள். அதற்குமேல் காது வைத்துக் கேட்க ஒன்றும் இருக்காது.

"தோண்டச் சொல்லுங்க சார்" என்று அவரிடம் போய்க் கேட்டாள்.

"தோண்டுனா கொட்டுனது யாருன்னு கேப்பாங்க. வியாழக்கிழமை பணி நிரந்தர லிஸ்ட்டு வருது, ஏழு பேர்ல உம்பேரு மொதப் பேரு. பதினாலு வருசம் காத்துக் கெடந்துட்டு இன்னும் நாலு நாளைக்கு வாய மூடிக்கிட்டு இருக்க முடியாதா உனக்கு?"

"நான் மூடிக்கிட்டுத்தான் சார் இருக்கேன். கீழ இருக்குறதுதான் பேசுது."

புதன்கிழமை காலை மேடைக்கு அனுமதி தரலாமா என்று பார்க்க, பாரம்பரியச் சின்னங்களைக் கவனிக்கிற அதிகாரி நிறைமதி வந்தார். நெற்றியில் வேர்வையும் கையில் குறிப்புப் புத்தகமுமாக, தொப்பியை மறந்துவிட்டு வந்து வெயிலில், அவர் செங்கல்லையும் தொட்டில்களையும் பார்த்துக்கொண்டு நின்றார். மேளம் வைத்திருந்தார்கள். சுனை முணுமுணுத்தது. "இது எத்தனை காலமா இருக்கிற வழிபாடு?" என்று அதிகாரி கேட்டார், "காலங்காலமா மேடம்" என்று கமிட்டித் தலைவர் சொன்னார், துரைசிங்கம் தலையாட்டினார், அப்போதுதான் கூட்டத்தின் ஓரத்தில் விளக்குமாறோடு நின்ற பஞ்சவர்ணம் முன்னால் வந்தாள். 

"அம்மனெல்லாம் இல்லீங்க. கீழ இருக்கிறது குப்பை. ஏழு வருசத்துக்கு முந்தி நாங்க கொட்டுனது. நானும் கொட்டுனேன்" என்றாள்.

மேளக்காரர் குச்சியைத் தூக்கியவர் தூக்கியபடியே நின்றார். தொட்டில் கட்டியபின் நாள் தள்ளிப்போய் நன்றி சொல்ல வந்திருந்த ஒரு பெண், "அப்ப எனக்கு உண்டானது?" என்று பயந்து கேட்டாள்.

"அது உனக்கும் உம்புருசனுக்கும் உள்ளது தாயி, அதுல சுனையை ஏன் இழுக்குற" என்றாள் இருளாயி. கூட்டம் சிரித்தது, சிரித்ததும் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது, ஒருவர் செங்கல்லை எடுத்து ஓரமாக வைத்தார், இன்னொருவர் அதன்மேலிருந்த குங்குமத்தைத் தொட்டு எதற்கும் இருக்கட்டும் என்று நெற்றியில் வைத்துக்கொண்டார்.

"வேற யாரு இருந்தீங்க?" என்று அதிகாரி கேட்டார். துரைசிங்கம் பாறையில் இருந்த ஒரு பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கால் பின்னால் போகப் பார்த்தது. "விளக்குப் பிடிச்சது நான்தாங்க" என்றேன்.

அதிகாரி குனிந்து புல்லில் காதை வைத்தார், கொஞ்சம் அதிக நேரமாகவே கேட்டார், எழுந்து முட்டியில் மண்ணைத் தட்டிவிட்டு, "சுனையோட சுவர்ல உளித்தடம் இருக்கும். மெஷின் வேண்டாம், கையாலயே எடுங்க" என்றார்.

கடப்பாறை போடாமல், கூடையும் கயிறும் தோட்டத்துக் களைக்கொத்துமாகத் தோண்டினோம். ஊரே வந்தது, பரிகாரம் மாதிரி சிலர், வேடிக்கைக்குச் சிலர், கிணற்றுத் தண்ணீரின் காரணம் இப்போது புரிந்து திட்டிக்கொண்டே மண் சுமந்தவர்கள் பலர். ஏழு வருஷத்துக்கு முந்தைய பேச்செல்லாம் ஈரமாக வெளியே வந்தது. "சார், மூச்சா வருது சார்" என்று ஒரு பள்ளிக்கூடத்துச் சுற்றுலா வந்தது, "சத்தியமா நடந்த கதைங்க இது" என்று ஜமாலின் இளம் குரல் வந்தது, அவன் காதைப் பொத்திக்கொண்டு கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினான், "நெட்டு எடுக்கலை, மேல ஏறிப் பாரு" என்று யாரோ வந்தார், "உன் கையக் குடு, வழுக்கும்" என்று ஒரு கிழக்குரல் வந்தபோது மேட்டுத்தெருக்காரர் ஒருவர் அது தன் அப்பா என்று அடையாளம் கண்டு, அந்தக் காகிதக் கோப்பையைக் கொஞ்சநேரம் சும்மா பிடித்துக்கொண்டிருந்துவிட்டுக் கொடுத்தார். எல்லாம் பஞ்சவர்ணத்திடம் வந்தது. அவள் வேப்பமரத்தடியில் சாக்குகளை வட்டமாகப் பரப்பி நடுவில் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் காதருகே கொண்டுபோய்க் கேட்டு, இல்லை என்று தலையசைத்து, பிரித்துப் போட்டாள். வியாழக்கிழமை வந்த பட்டியலில் ஆறு பெயர்தான் இருந்தது. யாரோ அவளிடம் காட்டினார்கள். கை சேறாக இருக்கிறது, அப்புறம் பார்க்கிறேன் என்றாள்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம், சுனையின் தரைக்கு ஓர் ஆள் உயரம் மிச்சமிருக்கும்போது, கீழே நின்ற ஜமால் கூடை நிரப்பிக் கயிற்றை ஆட்டினான். கூடை மேலே வரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வீரணனைத் தெரிந்தவர்கள் எல்லோரும் கூடையைக் கீழே வைத்தார்கள்.

"பஞ்சு கீழ வெயில்ல நிக்குது, சீக்கிரம் போடுங்கப்பா."

அவ்வளவுதான். கரகரத்த குரல், பொடி போடுகிறவன் குரல், கடைசிச் சொல்லை விழுங்கிவிடுகிற குரல். நசுங்கிய ஒரு தண்ணீர் பாட்டில், மூடியோடு, பாதி கிழிந்த லேபிளோடு. பஞ்சவர்ணம் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அது திரும்பச் சொன்னது. "இருட்டிப்போச்சே அப்ப, வெயில் எங்க இருந்துச்சு?" என்று கேட்டாள், யாரிடம் என்று இல்லாமல். அன்றைக்குக் கடைசி லோடு வருவதற்கு முன் பகல் முழுக்க வீரணன் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான் என்பதும், இருட்டியபிறகும் வாய்ப்பழக்கத்தில் அப்படியே சொல்லியிருப்பான் என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதைச் சொன்னேன். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, யாருமே பார்க்கவில்லை, எல்லோருக்கும் திடீரென்று கயிற்றில் முடிச்சு விழுந்துவிட்டது, கூடைப் பிடி அவிழ்ந்துவிட்டது.

"வீட்டுக்குக் கொண்டுபோக்கா. ஒரு பாட்டில்தானே, யாரு கேக்கப்போறா" என்றாள் இருளாயி.

கொண்டுபோனாள்.

மறுநாள் ஐந்தரைக்கு வந்தபோது அவள் கண் இரண்டும் சிவந்திருந்தது, கையிலே பாட்டில் இருந்தது, அது சொல்லிக்கொண்டிருந்தது.

"தூங்கலையா பஞ்சு?"

"எங்க தூங்க விட்டாரு. நான் நெழல்லதான்யா இருக்கேன், சாப்புட்டுட்டேன், கால நீட்டிப் படுத்துருக்கேன்னு எத்தன தடவ சொல்றது? அவருக்குக் கேக்க மாட்டேங்குது. விடிய விடிய வெசனப்பட்டுக்கிட்டே கெடக்காரு." பாட்டிலைப் பார்த்தாள். "கொரல் வந்துருச்சு எனக்கு. இனிமே போகாது. அந்த மனுசன் ஓய்ஞ்சாப் போதும்."

வேப்பமரத்தடிக்குப் போனாள், சாக்குகளைப் பரப்பினாள், நடுவில் உட்கார்ந்தாள். மூடியைத் திருகி மூடிகளோடு போட்டாள். குரல் கொஞ்சம் தள்ளிப்போனது, பக்கத்துத் தெருவிலிருந்து கூப்பிடுவதுபோல. லேபிளை நகத்தால் சுரண்டி உரித்து லேபிள்களோடு போட்டாள். 'பஞ்சு' என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள், கீழே படிக்கட்டில் முதல் பஸ் ஆட்கள் செருப்புச் சத்தத்தோடு ஏறிவருகிறவரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தாள், பிறகு பாட்டில் சாக்கின் வாயை அகலமாக விரித்து, எறியாமல், கையை உள்ளே விட்டு வைத்தாள்.

சுனைக்குள் ஜமால் இறங்கும் சத்தம் கேட்டது. பஞ்சவர்ணம் முந்தின நாள் மிச்சக் கூடையைத் தன் பக்கம் இழுத்து, மேலே கிடந்த பாட்டில் ஒன்றை எடுத்து, சேற்றைத் துடைத்து, அதன் மூடியைத் திருகினாள்.